சாவடிச் சுவரில் இருந்த கல் கழிவு அல்ல: எங்கள் பேரூராட்சி மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்,

பழைய சாவடியை இடித்துவிட்டு அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டுவது என்று மன்றம் தீர்மானம் நிறைவேற்றியதில் எனக்கு மாறுபாடு இல்லை. கூரை ஒழுகி, சுவர் பிளந்து, மழைக்காலத்தில் ரேஷன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்ற கட்டடம் அது. என் முறையீடு அந்தச் சாவடியின் தெற்குச் சுவரில் பதித்திருந்த சலவைக்கல்லைப் பற்றியது. கல் எங்கே என்று கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு, அது பயன்பாடற்ற கட்டுமானக் கழிவாகக் கருதி அப்புறப்படுத்தப்பட்டது என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மறுமனு கொடுத்தால் அதற்கும் ஒரு வரிதான் வரும் என்பதால், ஊரார் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். இரண்டரை அடி அகலம், ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எழுத்துக் குழிகளில் கறுப்பு நிறம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்பதே அதன் வாசகம். போர் முடிந்தபின் வெள்ளை அரசாங்கம், ஆள் அனுப்பிய ஊர்களில் ஒரே வார்ப்பில் பதித்த கற்களில் ஒன்று. வேலூர் மணிக்கூண்டில் இதே வாசகத்தை இன்றும் காணலாம். அங்கே போனவர்கள் 277 பேர், மாண்டவர்கள் 14 பேர் என்று இருக்கிறது. நம் ஊர்க் கல்லில் எண்கள் சிறியவை. மாண்டவர்கள் ஆறு பேர்.

அந்த ஆறு பேரில் ஒருவர் என் பாட்டியைப் பெற்றவர். அவர் போரில் சேர்ந்து கப்பலேறியபோது பாட்டிக்கு ஆறு வயது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லின் கடைசி வரியில்தான் தன் அப்பா இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்ததால், சாவடிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மண்ணெண்ணெய் வாங்கப் போகும்போது என்னையும் தூக்கித் தொடச் செய்வார். மற்ற வரிகளில் கறுப்பு நிறம் நின்றிருக்க, அந்தக் கடைசி வரியில் மட்டும் அது தேய்ந்து கல் மழுங்கிப் போயிருந்ததை நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் கவனித்தேன். பாட்டி ஒருவர் தொட்டு அவ்வளவு தேய்ந்திருக்காது; இன்னும் ஐந்து வீடுகள் இருந்திருக்க வேண்டும்.

அவர் எங்கே எப்படிச் செத்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 'பஸ்ராவுக்குப் போனவர்' என்பதே அவருக்கு வீட்டில் பெயர். பஸ்ரா இன்றைய ஈராக்கில் உள்ள துறைமுக ஊர். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் படைப்பது வழக்கம் என்பதால், பாட்டி தன் காலம் முடியும்வரை அன்றைக்கு ஓர் இலை அதிகமாகப் போட்டார். அரசாங்கம் அனுப்பிய வெண்கல வட்டத் தகடு ஒன்றும் வீட்டில் இருந்ததாம். அந்தப் போரில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குப் பேரரசு முழுவதும் கொடுக்கப்பட்ட நினைவுத் தகடு அது; பதவியைக் குறிக்காமல் இறந்தவரின் பெயரை மட்டும் வார்த்திருப்பார்கள், இறப்பில் உயர்வு தாழ்வு கூடாது என்பதற்காக. பஞ்சம் பிழைத்த ஒரு வருடத்தில் கொள்ளுப்பாட்டி அதைப் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டு ஒரு சொம்பு வாங்கிக்கொண்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொள்ளச் சொம்பு வேண்டியிருந்தது. ஆனால் அவர் பெயர் தாங்கிய ஒரே பொருள் அப்படிப் போய்விட்டபின், இந்த ஊரில் அவருக்கென்று மிஞ்சியிருந்தது சாவடிக் கல்லின் 'ஆறு' என்ற எண்ணில் ஆறில் ஒரு பங்குதான். இப்போது அதையும் அப்புறப்படுத்தியிருக்கிறீர்கள்.

எங்கே அப்புறப்படுத்தப்பட்டது என்பதை உங்கள் பதில் சொல்லாததால் நானே தேடினேன். கல்லின் மேல்பாதி ஒப்பந்தக்காரரின் தகரக் கொட்டகையில் கிடக்கிறது. சிமெண்ட் மூட்டைகளில் ஈரம் ஏறாமலிருக்க அடியில் பரப்பிய பலகைகள் ஓரிடத்தில் போதவில்லை. அந்த இடைவெளியை இந்தக் கல்லால் அடைத்து அதன்மேலும் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். 'இந்தக் கிராமத்திலிருந்து' என்ற சொற்கள் மட்டும் ஒரு மூட்டையின் ஓரமாகத் தெரிந்தன. கீழ்ப்பாதி அங்கே இல்லை. டிராக்டரில் ஏரிக்கரைக்குப் போன இடிபாட்டில் என் மகனும் நானும் இரண்டு நாள் காலையில் தேடி, செங்கல் குவியலுக்கு அடியிலிருந்து அதை எடுத்தோம். தேய்ந்த கடைசி வரி அந்தப் பாதியில்தான் இருக்கிறது. போனவர்களின் கணக்கு கொட்டகைக்கும், திரும்பாதவர்களின் கணக்கு குப்பைக்கும் போயிருந்தன. ஒப்பந்தக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மதிப்பீட்டுத் தாளில் 'கல்' என்று ஒரு தனி வரி இருந்திருந்தால் அவர் அதைத் தனியே எடுத்து வைத்திருப்பார். கேட்டபோது, ஆசிட் ஊற்றிப் பளிச்சென்று கழுவித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். சலவைக்கல்லை அமிலம் அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக அதற்குள் நான் போய்விட்டேன்.

மன்ற உறுப்பினர் ஒருவர் என்னிடம் நேரிலேயே, அது வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களின் கல், அடிமைச் சின்னம், அதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், ஒதுக்கிவிட விரும்பவில்லை. 1914இல் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். வானம் பார்த்த பூமியில் இரண்டு போகம் பொய்த்த வீட்டிலிருந்து அந்தப் பதினொரு ரூபாய்க்காகத்தான் அவர்கள் போனார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம்கூட அவர்களுக்கு நாணயத்தில் பார்த்த பழக்கம்தான். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இந்தியப் படையில் மாண்டவர்கள் சுமார் 74,000 பேர். யார் தொடுத்த போர் என்பதற்கு அவர்கள் பொறுப்பல்ல. போரைத் தொடுத்தவனோடு நமக்குள்ள வழக்கை, அதில் செத்த கூலிக்காரனின் கல்லை உடைத்துத் தீர்த்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்?

அடிமைச் சின்னம் என்று அந்தக் கல்லில் எதையாவது சொல்ல வேண்டுமானால், அதில் பெயர்கள் இல்லாததைத்தான் சொல்ல வேண்டும். பேரரசின் போர்க் கல்லறைகளுக்காக 1917இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இன்று அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இறந்த ஒவ்வொருவரும் பெயரால் நினைவுகூரப்பட வேண்டும், பதவியாலோ இனத்தாலோ மதத்தாலோ வேறுபாடு கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஐரோப்பாவில் அந்தக் கொள்கை பெரும்பாலும் காக்கப்பட்டது. பிரான்சின் நவ்-ஷப்பேல் என்னும் ஊரில் 1927இல் திறக்கப்பட்ட இந்தியர் நினைவகத்தில் 4,700க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய ஈராக்கான மெசபொட்டேமியாவில் மாண்டு கல்லறை அறியப்படாத 40,000க்கு மேற்பட்டவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் எழுப்பிய நினைவகத்திலோ, பிரிட்டிஷாருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக வெறும் தொகை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அந்த ஆணையமே நியமித்த சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், இந்தியரும் ஆப்பிரிக்கரும் பெரும்பான்மையாக உள்ள 45,000 முதல் 54,000 வரையிலானோர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், அதற்கு மேல் குறைந்தது 1,16,000 பேரும், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரால் குறிக்கப்படாமலோ அடியோடு நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே எழுந்து வருத்தம் தெரிவித்தார். நூறாண்டு கழித்தாவது அவர்கள் தங்கள் பிழையை எழுதி ஒப்புக்கொண்டார்கள். நாமோ அவர்கள் விட்டுச்சென்ற எண்ணிக்கையையும் டிராக்டரில் ஏற்றியிருக்கிறோம்.

ஆப்பிரிக்காவில் அன்றைய அதிகாரிகள் சிலர், கல்லறைக் கல்லின் அருமை இந்த மக்களுக்குத் தெரியாது என்று சொல்லியே பெயர் பொறிக்காமல் விட்டதை அதே அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. அதைப் படித்தபோது எனக்குச் செங்கம் நினைவுக்கு வந்தது. நம் வட ஆற்காட்டுப் பகுதியில் செங்கத்தைச் சுற்றிக் கிடைத்த நடுகற்களில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மன் காலத்துக் கல். எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த வீரனின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் இருந்ததும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குமுன் எருமைத் தொழுவத்து நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். நம் ஊர் மனிதர்கள் ஆறு பேருக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை என்பதை நினைக்க எனக்கு நாணமாக இருக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத பல இடங்களிலிருந்து எடுத்துவந்து சேர்த்தவர்களும் அவர்களில் உண்டு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரத்தில்தான் கல். முதல் உலகப் போரில் மாண்டு நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒரு நினைவுச் சுவரில் இருக்கின்றன. நான் போன அன்று பணியாளர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, வாளித் தண்ணீரையும் மென்மையான தூரிகையையும் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் எழுத்துக் குழிகளில் படிந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். சோப்பு போடலாமா என்று கேட்டேன். 'தண்ணி போதும் ஐயா, அவசரப்பட்டாத்தான் எழுத்து போயிடும்' என்றார். ஒரு பெயருக்கு அவர் செலவிட்ட நேரத்தில் பாதியை நம் மன்றம் அந்தக் கல்லுக்குக் கொடுத்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

பெயர்கள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கின்றன. கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளை இன்று யாரும் இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். கல்லில் பெயரில்லாத இந்தியச் சிப்பாய்கள் பலருக்கும் அங்கே பெயர், படை எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவையும், சிலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் தாலுகாவும் பதிவாகியிருக்கின்றன. சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான். நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர்கள் எழுதிய விதத்தைக் கண்டால் நமக்கே அடையாளம் தெரியாது. நான் 34 ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்தவன். கோணல் முகவரிகளைப் படித்துச் சேர்ப்பித்துச் சம்பளம் வாங்கியவன். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் துணையோடு ஏழு மாதம் தேடியதில் ஆறு பேரில் மூவரைத் தகப்பனார் பெயரோடும் தாலுகாவோடும் பொருத்திவிட்டோம். நான்காமவர் விஷயத்தில் ஐயம் இருக்கிறது. ஐயத்தோடு யாரையும் கல்லில் ஏற்றக் கூடாது.

மூவரில் ஒருவர் என் பாட்டியின் அப்பா. மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்திருக்கிறார்; பாலமும் பாதையும் போடும் படை. அந்தப் படையினரை இராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள் என்பதை நான் இந்தத் தேடலில்தான் அறிந்தேன். 1917ஆம் ஆண்டுக் கோடையில் இறந்திருக்கிறார். பதிவேட்டில் தேதி இருந்ததால் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதியைக் கண்டுபிடித்தோம். சென்ற ஆண்டு முதன்முறையாக அவருக்குரிய திதியிலேயே இலை போட்டோம். அதைப் பார்க்கப் பாட்டி இல்லை. பாட்டியின் அப்பா பெயரை வேண்டுமென்றே இங்கே எழுதாமல் விடுகிறேன். அது கல்லில் ஏறும் நாளில் ஊர் படித்துக்கொள்ளட்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1971 போரில் மாண்ட நம் ஊர் இளைஞரின் நினைவுத்தூண் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. அவரைப் போல் விடுதலைக்குப்பின் மாண்டவர்களுக்காக டில்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,000க்கு மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில் ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கிறார்கள். நம் ஊர்த் தூணிலோ, அவருடைய பெயருக்கு மேல் காதணி விழா ஃப்ளெக்ஸின் கயிறு கட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளன்று அந்தத் தூணுக்குப் பத்தடி தள்ளி மேசை போட்டு உண்டியல் வைத்து வசூல் செய்வது இதே பேரூராட்சி அலுவலகம்தான்.

ஆகவே மன்றத்திடம் நான் கேட்பவை இவை. முதலில், கொட்டகையில் உள்ள மேல்பாதியை இந்த வாரத்துக்குள் எடுத்து அலுவலகத்தில் பாதுகாப்பாக வையுங்கள். தகரம் ஒழுகுகிறது, சிமெண்ட் கரைந்து கல்லில் பிடித்தால் எழுத்தோடுதான் போகும். கல்லைக் கழிவு என்று குறித்த பதிலைத் திரும்பப் பெற்று, அதைப் பேரூராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒட்டும் வேலையைக் கொத்தனாரிடம் கொடுக்க வேண்டாம். அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருள்களைச் செப்பனிடும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு எழுதி, அவர்கள் சொல்லும் முறையில் செய்யுங்கள். அதுவரை அமிலம், எனாமல் பெயிண்ட், சிமெண்ட் மூன்றும் அதன் பக்கம் போகக் கூடாது. தேய்ந்த கடைசி வரிக்குப் புதிதாகக் கறுப்பு தீட்டவும் வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

வணிக வளாகத்தின் வரைபடத்தில், தெருவைப் பார்த்த முன்சுவரில், கடைப் பலகைகள் மறைக்காத உயரத்தில் அந்தக் கல்லுக்கு இடம் ஒதுக்குங்கள். அதன் கீழே தமிழில் ஒரு புதுக் கல் வேண்டும். ஆங்கில வாசகத்தின் பொருளும், உறுதிசெய்யப்பட்ட பெயர்களும், தகப்பனார் பெயரும், படையும், இறந்த நாளும் அதில் இருக்க வேண்டும். இன்னும் அறியப்படாதவர்களுக்காக வரிகளைக் காலியாக விட வேண்டும். எங்கள் தேடல் குறிப்புகளை முழுவதும் ஒப்படைக்கிறோம். அவற்றை அப்படியே நம்பிவிடாமல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகச் சரிபார்த்த பிறகே பொறியுங்கள். தங்கள் வீட்டிலிருந்து போனவர்களைப் பற்றி ஏதேனும் தெரிந்த குடும்பங்கள் முன்வரும்படி தண்டோரா போடுங்கள். மீதி ஐந்து வீடுகளில் எங்காவது ஒரு வெண்கலத் தகடு இன்னும் பாத்திரக்காரரிடம் போகாமல் இருக்கலாம். புதுக் கல்லுக்கான செலவை மன்றம் ஏற்க இயலாவிட்டால் எழுத்தில் தெரிவியுங்கள், ஊரில் திரட்டிக்கொள்கிறோம். ஆனால் தீர்மானம் மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத் தூணில் ஃப்ளெக்ஸ் கட்டுவதைத் தடைசெய்து, கட்டினால் அபராதம் என்று அங்கேயே எழுதி வையுங்கள். இவை அனைத்தையும் அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருளாகச் சேர்த்து, எடுத்த முடிவை அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

கல்லின் கீழ்ப்பாதி என் வீட்டுக் கூடத்தில், சாக்கில் சுற்றி, சுவரோரமாக வைத்திருக்கிறேன். பேரூராட்சியின் பொருளை நான் எடுத்து வந்தது தவறு என்றால் அதற்குரிய நடவடிக்கையை எடுக்கலாம். எடுத்துச் செல்ல வருகிறவர் இருவராக வரட்டும், கனமாக இருக்கிறது; வரும்போது 'போர் நினைவுக் கல், கீழ்ப்பாதி, ஒன்று' என்று எழுதி முத்திரையிட்ட ரசீதைக் கொண்டு வரட்டும். அதை வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
சாவடித் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன்